ஆணியில் தொங்கிய சாவி

காலை பத்து மணி. பூட்டிய கதவை உடைத்துத் திறந்தபோது, அந்த வீட்டுத் தாய் கதவுக்குப் பின்னாலேயே விழுந்து கிடந்தாள். உயிர் இல்லை. நிலைக்கு மேலிருந்த காரை உதிர்ந்து தலைமுடியெல்லாம் வெள்ளைப் பொடி. கதவோரத்து ஆணியில் தொங்கிய குடையிலும் கீழே கிடந்த செருப்பிலும் அதே பொடி.

மாரடைப்பு, சீக்கிரம் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். அப்படியானால் பூட்டியது யார்? எத்தனையோ சாவுகளைப் பார்த்த பெண் இன்ஸ்பெக்டரே கதவின் உட்பக்க நகக் கீறல்களை விரலால் தடவிப் பார்த்தாள். பெற்றவள் அவளுக்கும் உண்டு.

வேலையிலிருந்து ஓடிவந்த மகன், பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவைக் கைகாட்டினான்.

"என் சாவியை அம்மாவுக்காக அந்த ஆணியில மாட்டிட்டு, கதவைச் சும்மா சாத்திட்டுத்தான் போனேன் மேடம். இன்னொரு சாவி இவங்ககிட்ட. இவங்கதான் பூட்டியிருக்காங்க."

"அடப்பாவி! அதைப் போன வாரமே திருப்பி வாங்கிட்டியே!"

தெரு முழுக்க அக்காவையே பார்த்தது. ஊர் வாயை மூட முடியுமா?

"அம்மா கூப்பிட்டாங்களா?" என்று அக்காவிடம் கேட்டாள் இன்ஸ்பெக்டர்.

"'சாவி, சாவி'ன்னாங்க. ஞாபகம் தப்பினதிலேருந்து தண்ணிக்கும் சாவி, சோத்துக்கும் சாவிதான். வேற வார்த்தையே வராது, பாவம். இவன் உள்ள இருக்கான்னு நினைச்சு மெஷினை மிதிச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம் தொப்புன்னு சத்தம். ஜன்னல்ல எட்டிப் பார்த்துட்டுத்தான் ஆளைக் கூப்பிட்டு உடைச்சேன்."

இன்ஸ்பெக்டர் ஆணியிலிருந்த சாவியைக் கைக்குட்டையால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"கதவை உடைச்சப்போ குடை மேல காரை விழுந்திருக்கு. உங்க அம்மா தலையிலயும் விழுந்திருக்கு. அதே ஆணியில இருந்த சாவி மேல மட்டும் ஒரு பொட்டுகூட இல்லையே, தம்பி? அப்போ இது இங்க இல்ல. உன் பையில இருந்துச்சு. வந்த பிறகு மாட்டினே. இன்னொண்ணையும் எடு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? பையிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"போன வாரம் ரோட்டுக்கு ஓடிட்டாங்க மேடம். லாரிகிட்டேருந்து மயிரிழையில தப்பிச்சாங்க. பூட்டி வெச்சா பத்திரமா இருப்பாங்கன்னு நினைச்சேன். நானே கொன்னுட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

பழி சுமத்தியவனை அக்கா நாலு வார்த்தை கேட்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மெஷினைத் தூக்கிட்டு வந்து உங்க வீட்டுலயே உட்கார்ந்து தைச்சிருப்பேனேடா!"