எதிர்க்கை

'இந்தக் கையை மட்டும் வெட்டி ஒரு தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டால் இவன் போய்விடுவானா? மாட்டான். கை இவனுக்கு ஒரு பொருட்டே அல்ல. கைக்குப் பின்னால் இருக்கும் மனமும் இசைந்துவிட்டது என்று ஊர் நம்ப வேண்டும். அதைத்தான் கேட்கிறான்.'

இப்படி நினைத்துக்கொண்டே, நீர்மாளிகையின் மேல்மாடத்தில் அமர்ந்திருந்த இளவேண்மாள், யாரோ தன்னிடம் கொடுத்துவைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல மடியில் கிடந்த தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கு வானத்தில் செம்மை இன்னும் வற்றவில்லை. கிழக்கே கடலின் விளிம்பில் முழுநிலா முளைத்து, நனைந்த பொன் தட்டு ஒன்றை யாரோ மெல்லத் தூக்கிப் பிடிப்பதுபோல மேலேறிக்கொண்டிருந்தது. முழுநிலா நாளில் கன்னலாறு கடலைத் தேடிப் போவதில்லை. கடல்தான் ஆற்றுக்குள் வரும். அன்றும் ஏற்றநீர் தாழம்புதர்களின் வேரை மூடி, மாளிகையின் படிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பின்னால் நின்றவன் தாழைநாட்டின் படைத்தலைவன் கண்டன் காரி. வெகுநேரமாக விடைக்குக் காத்திருந்தான்.

வாசகர்களே, அவன் கேட்டது என்ன என்று அறிய, தாழைநாட்டில் அப்போது நடந்து முடிந்திருந்த ஒரு பெரிய காரியத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடற்கரை நாடுகள் ஏழும் சேர்ந்து, பொதுச் சுங்கமும் பொதுக் கடற்படையும் வைத்து, ஏழ்துறைக் கூட்டு என்று ஒன்றை நெடுங்காலமாக நடத்திவந்தன. அந்தக் கூட்டில் நிற்பதா, பிரிவதா என்று தாழைநாட்டை ஆண்ட கோவரையர் தம் குடிகளையே கேட்டார். வீட்டுக்கு ஒரு குரல். நிற்க விரும்பியவர்கள் புன்னைக்கொட்டையும், பிரிய விரும்பியவர்கள் வெண்சோழியும் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் கொட்டினார்கள். சோழிக் குவியல் சற்றே உயர்ந்து நின்றது. நிற்க வேண்டும் என்று வாதாடிய கோவரையர் அன்று மாலையே ஆட்சியைத் துறந்தார். இளவேண்மாள் அவருடைய மகள். தெருத்தெருவாக நின்று புன்னையின் பக்கம் பேசியவள்.

அடுத்து ஆள்வதற்குப் பேரவை இருவரை முன்னிறுத்தியது. இருவரும் பிரிவை வேண்டியவர்கள். ஒருவன் காரி. மற்றவன் கப்பல்தலைவன் அழிசி. இருவரில் ஒருவனுக்குப் பட்டம் கட்ட வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் சிக்கல் வந்தது.

அந்த நாட்டில் வென்ற பக்கத்தை ஆதரித்தவர்கள் பட்டம் கட்டக்கூடாது. எதிர்த்து நின்ற ஒருவரின் கைதான் கட்ட வேண்டும். அதற்கு எதிர்க்கை என்று பெயர். அது யாருக்குக் கட்டுகிறதோ அவனே ஆள்வான், ஆட்சியைத் துறந்தவரின் கை மட்டும் அதற்குச் செல்லாது. தோற்றவர்களில் ஒருவராவது 'இவர் ஆளட்டும்' என்று சொல்லாத வரைக்கும் வென்றவன் வெறும் வென்றவன்தான், ஆள்பவன் அல்லன் என்பது அவர்கள் எண்ணம். முழுநிலா நாளின் ஏற்றநீர் இறங்கத் தொடங்குவதற்குள் பட்டம் ஏற வேண்டும். தவறினால் அடுத்த முழுநிலா வரை கோட்டைச் சாவி படைத்தலைவனிடம் இருக்கும்.

காரி செய்த பிழை இதுதான். வாக்கெடுப்பு முடிந்ததும் அவனுடைய ஆட்கள் வேல் பிடித்துத் தெருவில் இறங்கினார்கள். பிரிவின் அடையாளமாகச் சோழி கட்டாத மணிக்கட்டைக் கண்டால் அந்த வீட்டுக் கூரை எரிந்தது. பிற துறைகளிலிருந்து வந்து குடியேறியவர்களை நாட்டைவிட்டே துரத்துவேன் என்று அவன் முழங்க, அவர்கள் சட்டி பானைகளைப் படகில் ஏற்றத் தொடங்கினார்கள். புன்னை போட்டவர்கள் எல்லாரும் பயந்துபோய்ச் சோழி கட்டிக்கொண்டு, தாங்கள் என்றுமே பிரிவின் பக்கம்தான் என்று சத்தியம் செய்தார்கள். பட்ட நாள் வந்தபோது, எதிர்த்தேன் என்று சொல்ல நாட்டில் ஓர் ஆள் இல்லை. காரி தன் குதிரைக்காரனுடைய சோழியை அவிழ்த்துவிட்டு அவனையே எதிராளியாக்கி அனுப்பிப் பார்த்தான். பேரவைத் தலைவர் பெருங்காவிதியார், எந்தத் தெருவில் நின்று எதிர்த்தீர் என்று விசாரிக்க, குதிரைக்காரன் விடைக்காகக் காரியின் முகத்தைப் பார்த்தான். வேல்காரர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வெறும் மணிக்கட்டு.

"உங்கள் தந்தையாருக்குப் பழைய மாளிகையும் மரியாதையும் திரும்பக் கிடைக்கும், தேவி," என்றான் காரி. "ஒரு முடிச்சுதான் கேட்கிறேன்."

"ஊரையே உங்கள் பக்கம் சேர்த்துவிட்டீர்களே, தளபதியாரே. இன்னும் ஒருத்தி எதற்கு?"

காரி சிரித்தான். அது கோபத்தின் சிரிப்பு. "கட்ட மனமில்லையென்றால் இங்கேயே இருங்கள். அழிசிக்கும் கட்டமுடியாது. நீர் இறங்கட்டும். சாவி எப்படியும் என்னிடம்தான்." வாயிலில் காவல் வைத்துவிட்டு, அவன் படகேறிப் பேரவை கூடியிருந்த ஆற்றுமண்டபத்துக்குப் போனான்.

அவன் போன பிறகு அவள் மனம் தனக்குத்தானே வழக்காடத் தொடங்கியது. கட்டாமல் இருப்பது எளிது. அதில் ஓர் அழகான பெருமைகூட உண்டு. ஆனால் அந்தப் பெருமையின் விலையைக் குடியேறியவர்கள் அல்லவா கொடுப்பார்கள்? அழிசிக்குக் கட்டுவதென்றாலோ, தான் எதை எதிர்த்துத் தொண்டை வற்றப் பேசினாளோ அதைத் தன் கையாலேயே முடிசூட்டியதாகும். அழிசியை அவள் நேசித்தாள். அதுவே அவளுக்குத் தடையாக இருந்தது. நேசிப்பதால் கட்டுகிறேனா, நியாயம் என்று கட்டுகிறேனா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

அவன் பிரிவை விரும்பியதற்குக் காரணம் இருந்தது. கூட்டின் தொலைதூரப் போர் ஒன்றில் அவன் தம்பியும் கப்பலோடு முழுகிப் போனான். யாருக்காக முழுகினான் என்று அழிசி சந்தையில் நின்று அவளைக் கேட்டான். அன்று முதல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தோழி நீலி உள்ளே வந்தாள். அவள் மணிக்கட்டில் சோழி வரிசையாகத் தொங்கியது.

"இப்படிப் பாக்காதீங்க தேவி," என்றாள் நீலி. "ஒண்ணு பயத்துக்குக் கட்டினது. மத்ததெல்லாம் அழகா இருக்கேன்னு கட்டினது. காவல்காரனுங்க என்னைத் தங்கச்சிங்கறானுங்க. கள்ளுக்குடம் கொண்டுபோய் வெச்சிருக்கேன், ஊர்க்கதை பேசிக்கிட்டிருக்கேன். நீங்க தெற்கு மாடத்துப் பக்கம் போங்க. தண்ணி கைப்பிடிச்சுவர் வரைக்கும் வந்துட்டுது. தண்ணியோட சேந்து வேற ஒண்ணும் வந்திருக்கு."

தெற்கு மாடத்தின் அடியில், ஏற்றநீர் தூக்கிக் கொடுத்த உயரத்தில், ஒரு சிறு படகு சுவரை உரசிக்கொண்டு நின்றது. துடுப்போடு அழிசி தனியாக இருந்தான். நிலவொளியில் அவன் முகம் அவள் நினைவில் இருந்ததைவிட மெலிந்து தெரிந்தது.

அவன் பட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை. முகத்துவாரத்தில் தன் கப்பல் பாய் விரித்து நிற்கிறது என்றும், பக்கத்துத் துறையில் அவளைப் பத்திரமாகச் சேர்த்துவிடுவதாகவும் மட்டும் சொன்னான். அவள் படகில் இறங்கினாள். சுவரைவிட்டு விலகியதும் படகின் முனை கடலை நோக்கித் திரும்பியது.

"மண்டபத்துக்குப் போங்கள்," என்றாள் இளவேண்மாள்.

துடுப்பு நின்றது. "உன்னிடம் அதைக் கேட்க நான் வரவில்லை. நீ நம்பாத ஒன்றுக்கு உன் கையால் பட்டம் கட்டச் சொல்ல எனக்கு மனம் வராது."

"கேட்கவில்லை, தெரியும். கேட்டிருந்தால் கடலுக்கே போகச் சொல்லியிருப்பேன்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "ஒன்று மட்டும் சொல்லுங்கள். குடியேறியவர்களை என்ன செய்வீர்கள்?"

"கூட்டிலிருந்துதான் பிரியச் சொன்னேன். அண்டைவீட்டாரிடமிருந்து பிரியச் சொல்லவில்லை."

"பிரிவது தவறு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் குடிகளிடம் கேட்டோம், அவர்கள் சொல்லிவிட்டார்கள். சொன்னதைக் கொடுமையில்லாமல் செய்ய ஓர் ஆள் வேண்டும். திருப்புங்கள் படகை."

இதைச் சொன்னபோது தன் நெஞ்சில் நேசமும் நியாயமும் இன்னமும் பின்னிக் கிடப்பதை அவள் உணர்ந்தாள். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அதற்குள் விலகியிருந்தது. இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும் அரிய பொழுதில் இரண்டையும் சந்தேகிக்க வேண்டியதில்லை அல்லவா?

ஆற்றுமண்டபத்தின் விளக்குகள் நீரில் நீண்ட பொற்கம்பங்களாக நடுங்கிக்கொண்டிருந்தன. இரு கரையிலும் மக்கள் கூட்டம். மண்டபத்தின் தென்வரிசை பிரிவை வேண்டியவர்களுக்கு, வடவரிசை எதிர்த்தவர்களுக்கு. அன்று தென்வரிசையில் வேளிரும் வணிகரும் ஒருவர் மேலாடையை ஒருவர் மிதித்துக்கொண்டு நெருங்கியிருந்தார்கள். வடவரிசையில் ஆள் இல்லை. யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு விசிறி மட்டும் கிடந்தது. நீர் கடைசிப் படியின் விளிம்பில் தயங்கி நின்றது. பெருங்காவிதியார் தட்டில் பொன்னிழைப் பட்டத்தை ஏந்தி, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். காரி தன் வெற்றியை ஏற்கெனவே முகத்தில் அணிந்திருந்தான்.

படகு படியில் மோதியபோது கூட்டம் திரும்பிப் பார்த்தது. வெறும் மணிக்கட்டோடு ஒரு பெண் மண்டபத்துக்குள் நடந்துவருவதை அவ்வூர் கண்டு வெகுநாளாயிற்று. வேல்காரர்கள் இருவர் முன்னால் வந்தார்கள். எதிர்க்கையை மண்டபத்துக்குள் தொட்டவன் குடியுரிமை இழப்பான் என்று காவிதியார் தலையைத் திருப்பாமலே நினைவூட்ட, வேல்கள் தாழ்ந்தன. அழிசி காரிக்கு அப்பால் இருந்த தன் இருக்கையில் போய் அமர்ந்தான்.

அவள் தட்டிலிருந்து பட்டத்தை எடுத்தாள். அவள் நேராகத் தன்னை நோக்கி வருவதைக் கண்ட காரி, பணிந்துவிட்டாள் என்று எண்ணித் தலையைத் தாழ்த்தினான். அவள் நடை நிற்கவில்லை. அவனைக் கடந்து போய்விட்டாள். தாழ்ந்த அந்தத் தலை, நிமிர்வதற்கு நல்ல தருணம் தெரியாமல், சிறிதுநேரம் அப்படியே இருந்தது. கரையில் யாரோ ஒரு கிழவர் களுக்கென்று சிரித்தார். ஊர் முழுவதும் அடக்கிவைத்திருந்த சிரிப்பு அதற்குப் பிறகு நிற்கவில்லை.

அழிசியின் முன்னால் அவள் நின்றாள்.

"எதிர்த்து நின்றவளே, என்ன சொல்கிறாய்?" என்று காவிதியார் முறைப்படி கேட்டார்.

"எதிர்த்தேன். இன்றும் எதிர்க்கிறேன். இவர் ஆள இசைகிறேன்."

அவள் முடிச்சிட்டாள். படியின் விளிம்பில் நின்ற நீர் அப்போதுதான் மெல்லப் பின்வாங்கியது. சங்குகள் முழங்கின, முரசு அதிர்ந்தது, கன்னலாற்றின் இரு கரையும் ஒரே குரலாக ஆர்ப்பரித்தன. காரியின் வேல்காரர்கள் தங்கள் தலைவனைப் பார்க்காமலே புதிய தலைவனுக்கு வேல் உயர்த்தி வணங்க, காரி கோட்டைச் சாவியைத் தட்டில் வைத்துவிட்டு, கூட்டம் தானாக விலகிவிட்ட வழியே வெளியே போனான். குடியேறியவர்களின் படகுகளிலிருந்து சட்டி பானைகள் கரை இறங்கும் ஓசை, முரசொலிக்கு நடுவிலும் கேட்டது. இளவேண்மாளின் கண்கள் நிறைந்தன. தோற்ற பக்கத்தில் இருந்துகொண்டே வென்றதுபோல மகிழ முடியும் என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது.

ஆரவாரம் அடங்கியதும் அழிசி எழுந்தான். ஆள்பவனாக அவன் பேசிய முதல் பேச்சு அது.

"இரண்டாகப் பிளந்த நாடு இன்று ஒன்றாயிற்று. அதை எல்லாரும் காண வேண்டும். இளவேண்மாள், என் பக்கத்து இருக்கை உனக்காகக் காலியாக இருக்கிறது. அரசியாக வா. சோழியை நானே உன் கையில் கட்டுகிறேன்."

அவையோர் ஆமோதித்து முழங்கினர். தூணருகில் நின்ற அவள் தந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெருங்காவிதியாரும், வருக மகளே என்று கை நீட்டினார். அவளுக்குள் இருந்த பெண் அந்த இருக்கையை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தும்விட்டாள், உடல்தான் அசையவில்லை. இதோ, அன்போடு கேட்கிறார்கள். காரி வேலோடு கேட்டான். இரண்டுக்கும் உள்ள தூரம் மலையளவு. ஆனாலும் நான் போய் அங்கே அமர்ந்துவிட்டால், இவர் தவறும் நாளில் தவறு என்று சொல்ல எதிரே யார் இருப்பார்கள்?

அவள் அழிசியின் அருகே போய், அவனுக்கும் முதல் வரிசைக்கும் மட்டும் கேட்கும் குரலில் பேசினாள்.

"உங்கள் மீது எனக்குள்ள அன்பில் குறைவில்லை. மாலையில் ஆற்றங்கரைக்கு வாருங்கள், பேசிக்கொண்டிருப்போம். இந்த இருக்கை மட்டும் வேண்டாம்."

பிறகு மண்டபத்தின் குறுக்கே நடந்து, வடவரிசையின் முதல் இடத்தில் அமர்ந்தாள்.