மூன்று பிரதிகள்

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. பகல் பதினோரு மணிக்கு ஸ்டான்லி ஆறு பழைய சர்வர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து அங்கே வைத்தான். கடற்கரைச் சாலையில் மூடிப்போன ஒரு சொகுசு விடுதியில் அவன் சிசிடிவி பார்த்துக்கொண்டிருந்தவன். விசுவாசமாக இருந்ததற்கு மேனேஜர் கொடுத்த பரிசு இவை.

என்ன விசுவாசம் என்று ஊருக்குத் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் அந்த விடுதியின் கழிவுநீர்த் தொட்டிக்குள், அங்கே வேலை பார்த்த ஜெபசிங் செத்துப்போனான். அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை, குடித்துவிட்டுத் தானாகப் போய் விழுந்தான் என்றது நிர்வாகம். மேனேஜர் அவனை உள்ளே இறக்கியதைக் காட்டிய பதிவை அழித்தவன் ஸ்டான்லி. இருவரும் ஒரே தெரு. ஸ்டான்லிக்கு அங்கே வேலை வாங்கிக்கொடுத்ததே ஜெபசிங்தான். புருஷனைக் குடிகாரன் என்று எழுதிவிட்டார்களே என்று அவன் மனைவி ஞானம்மாள் இன்னும் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அலைகிறாள். நாளை ஸ்டான்லி சாட்சி சொல்ல வேண்டும்.

அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் தைரியம் வேண்டுமே.

தொழிலில் அவனுக்குக் கூட்டாளி அன்பரசி, செங்கல்பட்டிலிருந்து வந்து போகிற இன்ஜினியர். கல்யாண வீடியோக்காரர்கள் தங்கள் பதிவுகளைப் பத்திரமாகப் போட்டு வைக்க ஒரு சேமிப்பகம், அதுதான் இருவரின் திட்டம். அவள் பலகையில் ஆறு கட்டம் போட்டு விளக்கினாள்.

"ஒரு ஃபைல் வந்தா மூணு காப்பிண்ணா. மூணும் வேற வேற மிஷின்ல. எல்லாம் பழசு, எப்ப வேணா ஒண்ணு பூடும். பூட்டா இன்னா? மத்த ரெண்டும் சேந்து புதுசா ஒண்ணு எழுதிக்கும். நாம கைய வெக்கவே தேவையில்ல."

"டிஸ்கெல்லாம் சுத்தமா அழிச்சிட்டியா?"

"ரெண்டு வாட்டி."

ஆறும் ஒன்றாக ஓடத் தொடங்கின. விசிறிகளின் இரைச்சலில் கீழேயிருந்து வந்த உளிச் சத்தம் அமுங்கிப்போனது. ஏசி காற்றில் லேசாக ஒரு வாடை. அடைத்துக்கொண்ட சாக்கடையின் வாடை. ஸ்டான்லி ஜன்னலைத் திறந்து பார்த்தான். வெளியே கல்தூளும் வெயிலும்தான் இருந்தன.

"அண்ணா, நாம இன்னும் எதுவும் ஏத்தல. ஆனா ஒரு ஃபைல் கீது."

பதினோரு நிமிட வீடியோ. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஜெபசிங் செத்த தேதி.

ஸ்டான்லி தடுப்பதற்குள் அன்பரசி திறந்துவிட்டாள். அதில் தொட்டி இல்லை. விடுதியின் சிசிடிவி அறை. நாற்காலியில் ஸ்டான்லி, எதிரே இருந்த திரையை வெறித்துக்கொண்டிருந்தான். அந்தத் திரைக்குள்ளிருந்தே யாரோ எடுத்ததுபோல அவன் முகம் நேராகத் தெரிந்தது.

அந்த அறையில் கேமராவே கிடையாது.

"இது நீங்கதானே? அப்பிடி இன்னாத்த பாத்துகினு கீறீங்க?"

படத்தில் அவன் ஒருமுறை பாதி எழுந்தான். போனில் யாரிடமோ பேசினான். தலையாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். மீதி நேரம் முழுக்க உட்கார்ந்தே இருந்தான்.

"பழசு ஏதோ ஒட்டிக்கினு வந்துகீது," என்று சொல்லி ஸ்டான்லி அதை அழித்தான்.

திரும்ப வந்தது. மூன்று பிரதிகள்.

ஒரு சர்வரின் வயரைப் பிடுங்கினான். அடுத்ததை, அதற்கடுத்ததை. ஒவ்வொன்றாக அடங்க அடங்க அறையில் இரைச்சல் குறைந்தது. குறையக் குறைய வேறொரு சத்தம் கேட்டது, சகதியில் புதைந்த காலை இழுத்து எடுப்பதுபோல. கடைசியில் ஒரே ஒரு மிஷின்தான் ஓடியது.

அப்போதும் மூன்று பிரதிகள் என்றே காட்டியது.

அன்பரசி சுவரோரம் ஒதுங்கினாள். "அண்ணா... மீதி ரெண்டும் எங்க கீது?"

அவன் கடைசி வயரையும் பிடுங்கினான். டிஸ்குகளையெல்லாம் கீழே சிற்பக்கூடத்துக்கு அள்ளிக்கொண்டுபோய்ச் சம்மட்டியால் நொறுக்கினான். அப்பாடா என்றிருந்தது. வெட்கம்தான் வரவில்லை.

மறுநாள் செங்கல்பட்டு கோர்ட்டில் கூண்டில் ஏறி, "நான் ஒண்ணும் பாக்கல. பதிவும் எதுவும் இல்ல," என்றான். குரல் நடுங்கக்கூட இல்லை.

வாசலில் ஞானம்மாள் நின்றிருந்தாள். மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவள் திட்டவில்லை. கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து அவரு வூட்டு பின்னால வந்து நிக்கறாரு தம்பி. உடம்பெல்லாம் ஈரம். நான் கூப்ட்டா திரும்பல. எம் பேர சொல்லல, புள்ளைங்க பேர சொல்லல. 'ஸ்டான்லி, கைய குடுடா... ஸ்டான்லி, கைய குடுடா'ன்னு உன்னியேதான் கூப்ட்டுகினு கீறாரு. ஏம்ப்பா, அன்னிக்கு நீ எங்க இருந்த?"

தொட்டிக்கு மேலே இருந்த கேமராவில் சத்தம் பதியாது. தொட்டிக்குள்ளிருந்து ஜெபசிங் கேமராவைப் பார்த்து வாயசைத்ததைப் பார்த்தவன் உலகத்தில் ஒருவன்தான்.

ஸ்டான்லி வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

பின்னாலிருந்து, ஈரமான ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டது.