பின் ஜன்னலில் இரண்டு பாதங்கள்

"அரசாங்கம் வேணாம், அக்கம்பக்கம் போதும்... இதானே உங்க கொள்கை?"

"ஆமா."

"அந்த அக்கம்பக்கத்துக்கிட்ட நீங்க என்னிக்காவது எதையாவது கேட்டிருக்கீங்களா?"

ஆர்லன் சோர்விக் பண்ணை வீட்டு வாசலில் உட்கார்ந்து பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய தேர்தல் வேலைகளைப் பார்க்கும் டார்லா விடவில்லை.

"ஒரு கப் சர்க்கரை?"

"கடையில வாங்கிப்பேன்."

"பனியில வண்டி மாட்டிக்கிட்டா?"

"மண்வெட்டி இருக்கு."

"ஓட்டு?"

"நான் என்ன செய்வேன்னு சொல்லுவேன். போடறதும் போடாததும் அவங்க இஷ்டம். கையேந்த மாட்டேன்."

"வெளங்கிடும்! கவர்னர் தேர்தல்ல நிக்கற மனுஷன் ஓட்டு கேக்க மாட்டாராம்!"

அது மார்ச் மாதம். பனி உருகிக்கொண்டிருந்த நேரம்.

இப்போது ஆகஸ்ட். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநில வெயில் மண்டையைப் பிளந்தது!

மாவட்டச் சந்தை மைதானம். ஒரு பக்கம் பரிசுக் காளைகள், இன்னொரு பக்கம் ராட்டினம். நடுவே மேடை. நாலாயிரம் பேர்.

எதிர்க்கட்சி வேட்பாளர் மார்கிட் ஹோல்ம் பேசி முடித்து இறங்கினாள். ஆர்லனோடு ஒரே பள்ளியில் படித்தவள். போகிற போக்கில் அவர் தோளில் தட்டினாள்.

"என்னப்பா ஆர்லன், இன்னிக்காவது ஓட்டு கேப்பியா?"

"மாட்டேன்."

"நல்லா இரு! எனக்குப் பாதி வேலை மிச்சம்!"

சிரித்துக்கொண்டே வண்டிகள் நின்ற பக்கம் நடந்தாள்.

அடுத்தது ஆர்லன். பேச்சு தயார். வரி குறைய வேண்டும். கதவைப் பூட்டாத ஊர், பூட்டாத ஊராகவே இருக்க வேண்டும். குடும்பம்தான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம்...

அந்தக் கடைசி வரி வரும்போதெல்லாம் அவர் பார்வை மேடை ஓரத்தில் நிற்கும் டார்லாவிடம் ஓடும். உடனே பயந்து திரும்பிவிடும். அவர் மனைவியை இழந்தவர், அவள் கணவனை இழந்தவள். எட்டு வருடமாக அவருடைய தேர்தல் வேலை முழுவதையும் சுமப்பவள்.

அவளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. எட்டு வருடமாகத் தொண்டையிலேயே இருந்தது!

இன்று மேடை ஓரம் காலி.

'மூணு நாளா நீ தூங்கல, என் பிக்கப் வண்டியில கொஞ்சம் சாஞ்சுக்க' என்று அவர்தான் அனுப்பியிருந்தார். எழுப்பலாமென்று போன் செய்தார்.

ரிங் போனது... போனது... போய்க்கொண்டே இருந்தது.

வண்டிகளை நோக்கி நடந்தார். தன் வெள்ளை பிக்கப்பின் கதவைத் திறந்தார்.

சீட்டில் டார்லாவின் போன் அலறிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் அவளுடைய செருப்புகள்.

சீட் முழுக்க... சிவப்பு!

"டார்லா!"

அதே நொடியில் எலுமிச்சை ஜூஸ் கடையிலிருந்து ஓர் அலறல்!

"ஐயோ கடவுளே! பொணம்! பொணத்தைக் கடத்திட்டுப் போறாங்க!"

கடைக்காரி ரமோனா, டம்ளரும் கையுமாக வெளியே பாய்ந்தாள்.

"வெள்ளை பிக்கப்பு! கேட்டைத் தாண்டிப் போச்சு! பின் ஜன்னல்ல ரெண்டு காலு நீட்டிக்கிட்டு இருந்துது... வெறுங்காலு! அசையவே இல்ல!"

மாவட்டப் போலீஸ் அதிகாரி ஷெரீஃப் டெல்மர், கையிலிருந்த சோள உருண்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"நம்பர் பாத்தியா?"

"காலைப் பாப்பேனா, நம்பரைப் பாப்பேனா?"

"வெள்ளை பிக்கப்பாம்! இந்த மைதானத்துல எரநூறு நிக்குது!" டெல்மர் ஆர்லன் பக்கம் திரும்பினார். "ரோட்டுல கேமரா வெக்கணும்னு நான் கேட்டப்போ சட்டசபையில எழுந்து வேணாம்னது யாரு, செனட்டர்?"

"நான்."

"எந்த வண்டியிலயும் சாவியை எடுக்காதீங்க, இது நம்பிக்கையான ஊருன்னு மைக்ல பெருமை பேசினது யாரு?"

"நான்தான்."

"இப்ப என்ன சொல்றீங்க?"

ஆர்லனின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் குரல் உடையவில்லை.

"இப்பவும் அதேதான். கேமரா பாக்கும், டெல்மர். தேடாது. மனுஷங்கதான் தேடுவாங்க."

"எனக்கு இருக்கறது ரெண்டே டெபுடி! இத்தனை ரோட்டுல எப்படித் தேடறது? எந்த மனுஷங்க வருவாங்க?"

ஆர்லன் திரும்பிப் பார்த்தார்.

நாலாயிரம் பேர்!

'என்னிக்காவது எதையாவது கேட்டிருக்கீங்களா?'

ஓடினார். மேடையில் ஏறினார். வயரில்லாத மைக்கைப் பிடுங்கினார். எழுதி வைத்த பேச்சு கையிலிருந்து நழுவிக் காற்றில் பறந்தது.

"டார்லாவைக் காணோம்... உங்க எல்லாருக்கும் அவளைத் தெரியும். உங்க வீட்டுக் கதவைத் தட்டினது அவதான், நான் இல்ல. ஒரு வெள்ளை பிக்கப்புல யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. என்னால தனியா தேட முடியாது." மூச்சு வாங்கியது. "உதவி பண்ணுங்க... ப்ளீஸ்."

மைதானம் உறைந்தது. ராட்டினம்கூட நின்றுவிட்டது!

முன் வரிசையில் ஒரு கிழட்டுப் பண்ணைக்காரர் தொப்பியை எடுத்து ஆட்டினார்.

"இந்த வார்த்தை உன் வாயிலேருந்து வராதான்னுதான்யா இத்தனை வருஷமா காத்திருந்தோம்! கெளம்புங்கடா!"

அவ்வளவுதான்!

பெஞ்சுகள் சரிந்தன. காளைகள் மிரண்டன. கட்சி பேட்ஜ் எதுவாக இருந்தாலும் எல்லாக் காலும் வண்டிகளை நோக்கி ஓடின. இஞ்சின்கள் உறுமின.

"யோவ்! அது என் வண்டிய்யா!"

"சாவி இருந்துதே!"

"எல்லாத்துலயும்தான் இருக்கு! உன்னுது பக்கத்துல நிக்குது பாரு!"

ஆர்லனோடு வண்டிகள் பக்கம் ஓடிய டெல்மர் சட்டென்று நின்றார். திறந்து கிடந்த ஆர்லனின் பிக்கப்பை எட்டிப் பார்த்தார். சீட்டிலிருந்த சிவப்பை விரலால் தொட்டார். முகர்ந்தார். நக்கினார்!

"டெல்மர்! என்ன பண்றே நீ!"

"செர்ரி ஜாம்." இன்னொரு தடவை நக்கினார். "சந்தேகமே இல்ல, முதல் பரிசு ஜாம். டார்லாதானே சந்தை ஜாம் போட்டிக்கு நடுவர்? பாட்டில் கவுந்திருக்கும். கழுவப் போயிருப்பா. திரும்பி வரும்போது தூக்கக் கலக்கத்துல..."

"வேற வெள்ளை வண்டியில ஏறிட்டாளா!"

பாம்... பாம்... பாம்!

புறப்பட்ட கூட்டத்துக்கு எதிராக ஒரு வெள்ளை பிக்கப் ஹார்ன் அடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தது. அதன் பின் ஜன்னலில்...

இரண்டு பாதங்கள்!

முன் கதவு திறந்தது. இறங்கியது மார்கிட் ஹோல்ம்!

"ஆர்லன்! உன் ஆள் ஒருத்தி என் வண்டியில தூங்கறா! பாலம் வரைக்கும் போயிட்டேன். இஞ்சின்தான் கெட்டுப்போச்சுன்னு நிறுத்திப் பாத்தா... கொறட்டை!"

பாதங்கள் உள்ளே போயின. டார்லா வெளியே வந்தாள். வெறுங்கால். கலைந்த தலை. கன்னத்தில் சீட் தையலின் அச்சு.

"என்ன இவ்வளவு கூட்டம்? யார் செத்தது?"

"நீதான்!" என்றார் ஷெரீஃப்.

"உன்னைத் தேடச் சொல்லி இவர் எங்க எல்லாரையும் கேட்டாரும்மா!" ரமோனா கண்ணைத் துடைத்தாள். "ப்ளீஸ்கூடச் சொன்னாரு!"

டார்லா அப்படியே நின்றாள். ஆர்லனைப் பார்த்தாள். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"நீங்களா? கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"உசிரு போயிடலையே?"

"கேக்கறதுக்கு முன்னாடிதான் போயிருந்தது."

டார்லாவின் குரல் லேசாகக் கம்மியது. ஆனால் அவள் டார்லா!

"சரி, அழுதது போதும். மைக் கையிலயே இருக்கு. கூட்டமும் நிக்குது. அப்படியே ஓட்டையும் கேட்டுடுங்க!"

ஆர்லன் கையைப் பார்த்தார். மேடையிலிருந்து பிடுங்கிய மைக் இன்னும் அங்கேயே இருந்தது. மெதுவாக வாயருகே கொண்டுபோனார்.

"கேக்கறேன். ஆனா ஓட்டு இல்ல."

"பின்ன?"

மைதானத்தின் எட்டுத் திசையிலும் ஸ்பீக்கர்கள் அவர் குரலை அதிரவிட்டன.

"ஊர் ஊரா போய் குடும்பம், குடும்பம்னு பேசறேன். அப்புறம் வீட்டுக்குப் போய், ஆறிப்போன சூப்பைத் தனியா நின்னுக்கிட்டே குடிக்கறேன். இதைக் கேக்கறதுக்கு எட்டு வருஷமா எனக்குத் தைரியம் இல்ல..." தொப்பியைக் கழற்றினார். "டார்லா, என்னைக் கல்யாணம் பண்ணிக்கறியா? ப்ளீஸ்."

டார்லாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை!

பதறிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள் மார்கிட் ஹோல்ம்.

"சீக்கிரம் சரின்னு சொல்லித் தொலைடி! நீ மட்டும் மாட்டேன்னு சொன்னே... அனுதாப ஓட்டு மொத்தமும் இந்த ஆளுக்குப் போயிடும்!"