மைலா கூடவே வந்தாள்

துக்க வீட்டிலிருந்து நெனிதா நேராக வீட்டுக்கு வந்தாள். அப்படி வரக் கூடாது. பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் யாரும் வழியில் ஒரு கடையிலாவது நிற்காமல் வீட்டுப் படி ஏற மாட்டார்கள். ஏறினால் இறந்தவர் பின்னாலேயே வந்துவிடுவார்.

இறந்தது பக்கத்துத் தெரு மைலா. ஏழு வயது. டெங்கு. தன் மகள் ஜோவிலினும் காய்ச்சலில் கிடக்கும்போது நெனிதாவுக்குக் கடையாவது ஒன்றாவது!

வாசலிலேயே கணவன் ரொடெல் சிரித்தான்.

"காய்ச்சல் விட்டுடுச்சு! உடம்பு ஜில்லுனு இருக்கு. அழுமூஞ்சி, இனிமேயாவது சாப்பிடு."

நெனிதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரைக் கொட்டவைக்கிற சுகாதாரத் தொண்டர் அவள். கொல்லைப்புறம் போய்த் தண்ணீர்த் தொட்டியை இறுக மூடிவிட்டு நகர்ந்தாள்.

பின்னால் மூடி நகரும் சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். மூடி தரையில் கிடந்தது. கொல்லையில் யாருமில்லை. உருகிய மெழுகுவர்த்தியும் வாடிய பூவும் கலந்த வாடை, சற்று முன் சவப்பெட்டியருகே அடித்த அதே வாடை, அவளைத் தாண்டி வீட்டுக்குள் போனது.

அவள் உள்ளே ஓடினாள்.

ஜோவிலின் விழித்திருந்தாள். மெத்தையின் ஓரம், ஒரு குழந்தை உட்கார்ந்த அளவுக்கு, அமுங்கியிருந்தது.

"அம்மா, மைலாவை ஏன் கூட்டிட்டு வந்தே?"

நெனிதா கட்டிலருகே மண்டியிட்டாள்.

"அவளுக்கும் இப்படித்தான் காய்ச்சல் விட்டுச்சாம்," என்று குழந்தை கிசுகிசுத்தாள். "எல்லாரும் சிரிச்சாங்களாம். அப்புறம்தான் வயிறு வலிச்சுதாம்."

"உனக்கு வலிக்குதாடி?"

"ரொம்ப."

காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள்தான். சொந்த வீட்டில் அந்தப் புத்தி எங்கே போனது? குழந்தையின் ஈறில் ரத்தம் கசிந்திருந்தது.

"ரொடெல், வண்டியை எடு!"

ஆஸ்பத்திரியில் உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். "நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க," என்றார் டாக்டர். நெனிதா சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள்.

எதிர்க் கட்டிலில் ஒரு பெண் தன் மகனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சுக்கா. டாக்டர் வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நாங்க கிளம்புறோம்."

ஜோவிலின் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"மைலா எந்திரிச்சுப் போயிட்டாம்மா."

எதிர்க் கட்டிலின் மெத்தை ஓரம் மெல்ல அமுங்கியது.