பின்சீட்டில் ஒருத்தி

வண்டியை மகள் பெயருக்கு மாற்றிக் கொடுக்கப் போன இடத்தில்தான் அஞ்சலாட்சிக்கு அந்தச் செய்தி தெரிந்தது. ஸ்கூட்டர் மேல் மூன்று அபராதம் நிலுவையில் இருக்கிறது, அதை முடித்துவிட்டு வாருங்கள் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மூன்றும் இந்த வாரத்துக் கணக்கு. மூன்றுக்கும் ஒரே காரணம்: பின்னால் அமர்ந்திருப்பவர் ஹெல்மெட் அணியவில்லை.

அஞ்சலாட்சி யாரையும் பின்னால் ஏற்றுவதில்லை. கருவடிக்குப்பத்து மாடி வீட்டிலிருந்து காலை ஏழரைக்குத் தனியாகக் கிளம்பி, சேதராப்பட்டில் சோப்பு பேக்கிங் கம்பெனிக்குப் போவாள். சாயங்காலம் தனியாகவே திரும்புவாள். மகள் கலைமகள் நர்சிங் முதல் வருஷம். அவளுக்குக் காலேஜ் பஸ் இருக்கிறது.

வேறு யாருடைய வண்டி எண்ணையோ தப்பாக ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்துக்குப் போனாள். உயரமான கூரையும் பச்சை மரச்சட்டக் கதவுகளும் உள்ள பழைய பிரெஞ்சுக் கட்டடம். வெளியில் அவ்வளவு வெயில் அடித்தும் உள்ளே சுண்ணாம்பு ஈரமும் பழைய காகிதமும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. தலைக்கு மேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை யாரோ தொண்டையைச் செருமுவது போலக் கரகரத்தது. மேசைக்குப் பின்னால் உதவி ஆய்வாளர் காத்தவராயன் மட்டும் இருந்தார். ஓய்வு பெறும் வயசு, பொறுமையான முகம்.

"வண்டி நம்பர் உங்களுதுதானம்மா?"

"நம்பர் என்னுதுதான் சார். ஆனா நான் தனியாத்தான் போறேன் வர்றேன். பின்னால யாரும் ஏறுனதே இல்ல."

"போட்டோ இருக்குது. பாத்துடுவோம்." கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

திங்கட்கிழமை, கொக்கு பார்க் சிக்னல். அவளுடைய வண்டிதான். முன்னால் இருப்பது அவள்தான். கம்பெனிப் பை, மஞ்சள் ஹெல்மெட், திங்களன்று கட்டியிருந்த ஊதாப்பூ சேலை. அவளுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். குனிந்து, நெற்றியை அஞ்சலாட்சியின் முதுகில் அழுத்தி வைத்திருந்தாள். முடி முகத்தை மூடித் தொங்கியது. அவளும் ஊதாப்பூ சேலைதான் கட்டியிருந்தாள்.

"இது... இது யாருன்னு எனக்குத் தெரியல சார்."

காத்தவராயன் அடுத்த படத்தைத் திறந்தார். செவ்வாய், அதே சிக்னல். சேலை மாறியிருந்தது, இருவருக்கும். பின்னாலிருந்தவளின் கைகள் இப்போது அஞ்சலாட்சியின் இடுப்பைச் சுற்றியிருந்தன. வியாழன் படத்தில் அந்தக் கைகள் ஹேண்டில்பார் வரை நீண்டு அஞ்சலாட்சியின் கைகள் மேல் படிந்திருந்தன. மோவாய் அவள் தோளில் இருந்தது; முடி விலகி முகம் தெரிந்தது. முன்னாலிருந்த அஞ்சலாட்சி சிக்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவளாக, வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது போல இருந்தாள்.

"உங்க தங்கச்சியாம்மா? அப்படியே உங்க ஜாடை."

அவளுக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. இந்த வாரம் முழுக்க வண்டி இழுக்கவில்லை என்று இரண்டு தடவை பின்சக்கரத்துக்குக் காற்றடித்ததும், காற்று சரியாகத்தானே இருக்குது என்று பங்க்சர் கடைக்காரர் சொன்னதும் ஞாபகம் வந்தது. தோள்பட்டையில் நாலு நாளாக விடாத வலி. நல்ல வெயிலில் போகும்போதும் கழுத்தடியில் மட்டும் ஈரத்துணி பட்டது போலச் சில்லென்று இருந்ததை வியர்வை என்று விட்டிருந்தாள்.

"பின்னால யாரும் இல்லன்னு எழுதிக் குடுத்தா இன்னா ஆவும் சார்?"

"கோர்ட்டுக்குப் போவும். பின்னால இருக்கறவங்களையும் கூட்டிக்கினு வரணும்." அவர் அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "எதுக்கும்மா அலைச்சல்? கட்டிடுங்க. பொண்ணு பேருக்கு மாத்தணும்னு சொன்னீங்க இல்ல, இன்னைக்கே முடிஞ்சிடும்."

கட்டினாள். போனில் ரகசிய எண்ணை இரண்டு முறை தப்பாகப் போட்டாள். திரையில் மூன்று வரியும் மறைந்தன. வண்டி இனி சுத்தம் என்றார் காத்தவராயன்.

வெளியே மரத்தடியில் ஸ்கூட்டர் நின்றது. நிழலில் நின்றதால் சீட் சுட்டிருக்காது. ஆனால் அவள் கிட்டேயே போகவில்லை. பத்தடி தள்ளியே தெரிந்தது. சீட்டின் பின்பாதி அமுங்கியிருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தால் ஸ்பான்ச் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்பாதி மெல்ல உப்பி நிமிர்ந்தது. முன்பாதி அமுங்கியது.

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்திலேயே வண்டி நிறைந்துவிட்டது. காலேஜ் பிள்ளைகள், மீன்கூடைக்காரப் பெண்கள், வேலை விட்டவர்கள் என்று மூச்சுவிட இடமில்லாமல் அடைந்துகொண்டார்கள். பக்கத்தில் பருத்த ஒரு அம்மா உட்கார்ந்து, மடியில் அரிசிப் பையை வைத்து வழியை அடைத்தாள். கொக்கு பார்க் சிக்னலுக்கு நூறடி முன்னால் பஸ் நின்றது. ஹாரன் சத்தம் நாலு பக்கமும் சுவர் போல எழுந்தது. டீசல் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்து தங்கியது.

அஞ்சலாட்சி மகளுக்குப் போன் செய்தாள்.

"கலை, எங்கடி இருக்க?"

"வீட்லதாம்மா." சிரிப்புக் கேட்டது. "இன்னா, கீழ நின்னுக்கினே போன் பண்றே?"

"யாரு கீழ நிக்கறது?"

"நீதான். மாடியிலேருந்து பாத்துக்கினுதானே இருக்கேன். ஹெல்மெட்ட கூட கயட்டாம அப்படியே கையக் காட்டிக் கூப்பிடறியே. செருப்பு மாட்டிக்கினு வர்றேன், இரு."

"கலை, எறங்காத! அது நான் இல்லடி, நான் பஸ்ல இருக்கேன், கதவச் சாத்து, கலை..."

படியில் செருப்புத் தட்டும் ஓசை கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. திரும்பப் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எறங்கணும்! வழி விடுங்க!"

"சிக்னல்ல எங்கம்மா எறங்குவ? ஸ்டாப்பிங்குல எறங்கு," என்று கண்டக்டர் கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். அரிசிப் பை நகரவில்லை. பைக்கு அப்பால் முதுகுகள், முதுகுகளுக்கு அப்பால் மூடிய கதவு. யாரும் அசைய முடியவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். கம்பிகளுக்கிடையே ஒரு கைதான் நுழையும்.

எத்தனை நிமிஷம் போயிற்று என்று தெரியவில்லை. பஸ் ஒரு அடியும் நகரவில்லை.

பஸ்ஸுக்கும் சாலையின் நடுச்சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் ஒரு ஸ்கூட்டர் மெதுவாக வந்து ஜன்னலுக்கு நேர் கீழே நின்றது.

அவளுடைய ஸ்கூட்டர். சாவி அவள் முந்தானையில் இருந்தது.

முன்னால் மஞ்சள் ஹெல்மெட். அவள் இன்று கட்டியிருந்த அதே பச்சைச் சேலை. பின்னால் கலைமகள், அம்மாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தாள்.

"கலை!"

மகள் நிமிர்ந்தாள். ஜன்னலில் அம்மாவைப் பார்த்தாள். பழக்கத்தில் சிரித்தாள். பிறகு தனக்கு முன்னாலிருந்த முதுகைப் பார்த்தாள். மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது.

"எறங்குடி! குதி!"

கலைமகள் கையை இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

கம்பிக்கு வெளியே அஞ்சலாட்சி கையை நீட்டினாள். விரல் நுனிக்கும் மகளின் தலைக்கும் நடுவில் ஒரு சாண்.

சிக்னலில் இன்னும் சிவப்புத்தான் எரிந்தது. ஸ்கூட்டர் நகர்ந்தது.

வாகனங்களுக்கு நடுவே அது நேராகப் போயிற்று. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. கலைமகளின் முகம் பின்னால் திரும்பியே இருந்தது, வாய் திறந்து. சத்தம் வரவில்லை. அவள் கைகளை, முன்னாலிருந்தவளின் வயிற்றின் மேல், வேறு இரண்டு கைகள் இறுகப் பிடித்திருந்தன.

ஹேண்டில்பாரில் யாருடைய கையும் இல்லை.