ஐஸில் வைத்த கொலை

ட்ரிங்... ட்ரிங்...

ஆய்வுக்கூடத்து போன் அலறியது.

டாக்டரம்மாவின் உள்ளங்கையில் ரத்தம்! கண்ணாடிக் குழாய் உடைந்து, கையுறையைக் கிழித்து, சதையில் இறங்கியிருந்தது.

"பயமில்ல... கதிர்வீச்சுல செத்த வைரஸ்தானே..." முனகியபடி போனை நெருங்கினாள்.

"எடுக்காதீங்க மேடம்!"

உதவி விஞ்ஞானி குறுக்கே நின்றான். அவன் ஆராய்ச்சியில் செய்த தில்லுமுல்லுகளை நாளை டைரக்டரிடம் அவள் சொல்வதாக இருந்தாள்.

அவன் நிதானமாகக் குண்டைத் தூக்கிப் போட்டான்.

"அது சாகல."

"உளறாத! கதிர்வீச்சு மெஷினைப் பாத்துக்கிற அக்கா அதுல வெச்சுத்தானே அனுப்பினாங்க!"

"குழாயோட அனுப்பின சீட்டுல நான் எழுதின ஒரு மணி நேரம்தான் வெச்சிருப்பாங்க! கதிர் நேரா அடிச்சுக் கொல்றது கொஞ்சம்தான் மேடம். கதிர் பட்டா தண்ணி உடையும். அந்தத் துணுக்குங்க வெறி பிடிச்ச மாதிரி ஓடிப்போய் மிச்ச வைரஸைக் குதறும். ஐஸ்ல அதுங்களால ஓட முடியாது, வைரஸ் சாக இன்னும் பல மணி நேரம் வேணும். சீட்டுல 'தண்ணி'ன்னு எழுதிட்டு, குழாயை உறைய வெச்சு அனுப்பினேன்!"

போன் ஓய்ந்தது.

வீட்டில் அவளுக்காகக் காத்திருக்கும் மூன்று வயதுப் பாப்பா, கதவைத் திறந்ததும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். இனி எப்படித் தூக்குவாள்?

"மருந்து...?"

"இதுக்கு இல்ல. உங்க முழங்கையில இடிச்சேனே, தெரியாமன்னு நெனச்சீங்களா?"

கதவுக்கு ஓடினாள். அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அதில் இன்னும் கண்ணாடித் துண்டு இருந்ததை மறந்துவிட்டான்...

சரக்!

அவன் புறங்கையில் சிவப்புக் கோடு!

"ஐயோ!"

அடுத்தவர் உயிரென்றால் துச்சம், தன் உயிரென்றால் வெல்லம்! சோப்பு, ஸ்பிரிட்... தேய்த்தான், தேய்த்தான், அழுதுகொண்டே தேய்த்தான்.

ட்ரிங்...!

பாய்ந்து எடுத்தான். மறுமுனையில் மெஷின் அக்காவின் குரல்.

"அக்கா! நான் குழாயை ஐஸாக்கி அனுப்பினேன்க்கா... மேடத்தைக் கொல்லத்தான்! இப்ப என் கையிலயும் கீறிடுச்சு! எவ்வளவு நேரம் வெச்சீங்க? சொல்லுங்கக்கா!"

"அதைச் சொல்லத்தான் தம்பி அப்பவே போன் அடிச்சேன். நான் சீட்டை நம்புற ஆளில்ல, தொட்டுப் பாத்துத்தான் உள்ள வெப்பேன். குழாய் கல்லா இருந்துச்சு. ஐஸுக்கு உண்டான நேரம் முழுசும் வெச்சேன். ஒரு வைரஸ்கூட மிச்சமில்ல!"

போனுக்கு வெளியிலும் கேட்டது அந்தக் குரல். டாக்டரம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்து விம்மினாள். பாப்பாவைத் தூக்கலாம்!

அவனும் பெருமூச்சு விட்டான். அரை விநாடிதான்...

"சீட்டு தப்புன்னு புகார் சொல்ல டைரக்டர் ரூமுக்கு வந்தேன். அவரும் ஸ்பீக்கர்ல கேட்டுட்டுத்தான் இருக்கார். ஐஸ்ல எதுவும் ஓட முடியாதுன்னு உனக்கே தெரியும்ல தம்பி? போலீஸ் வர்ற வரைக்கும் நீயும் அப்படியே உறைஞ்சு நில்லு!"