சோபாவில் தலைகீழாக அத்தை

"சூனியம் வைக்கிறவங்களுக்கு இந்த வீட்ல இடமில்ல! அண்ணே, நீயே படிச்சுப் பாரு!"

தனலெட்சுமி அந்த நோட்டுப் புத்தகத்தை அண்ணன் யுகேந்திரனின் மூக்குக்கு நேராக நீட்டினாள். மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டு வரிசையில் அன்று சனிக்கிழமை காலை யாரும் டிவி போடவில்லை, தேவைப்படவில்லை.

அவன் மனைவி ரமணியின் கையெழுத்துதான். 'வாசல் கேட்டில் இரண்டு எலுமிச்சம்பழம். சோபாவில் அத்தை தலைகீழாக. ஐஸ்பெட்டிக்குள் கறுப்புச் சேவல்...'

"பார்த்தியா? அம்மாவையே தலைகீழா போட்டுட்டாங்க! கோயிலுக்குன்னு சொல்லிட்டு கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ்ல எந்தச் சாமியாரைப் பாக்குறாங்களோ!"

"சாமியார் இல்ல தனா... ஞாபகசக்தி கிளாஸ்..." என்றாள் ரமணி.

"இந்த வயசிலயா? யாரு நம்புவா லா!"

யுகேந்திரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "துணிமணியை எடுத்துக்க ரமணி. சுங்கை வேயில உங்கம்மா வீடு சும்மாத்தானே கிடக்கு."

பதினெட்டு வருஷக் குடும்பம். அவ்வளவுதான்!

ரமணி அந்த நோட்டை வாங்கி மூடி வைத்தாள். "போன தீபாவளிக்கு அத்தை மயங்கி விழுந்தப்ப, என்னென்ன மருந்துன்னு டாக்டர் கேட்டாரு. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல. மூளை இருக்கான்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்களே... அதுக்குத்தான் போனேன். வீட்ல ஒவ்வொரு இடத்துலயும் ஒரு கோமாளித்தனமான படத்தை நினைச்சு வச்சா மறக்காதுன்னு சொல்லித் தந்தாங்க."

கண்ணை மூடிக்கொண்டாள். "கேட்டுல எலுமிச்சம்பழம்... பிரஷருக்கு மஞ்சள் மாத்திரை, ஒரு நாளைக்கு ரெண்டு. சோபாவுல அத்தை தலைகீழா... தலைசுத்தலுக்கு. ஐஸ்பெட்டியில சேவல்... விடிஞ்சதும் போடுற சர்க்கரை ஊசி..."

பதினோரு மருந்து. யுகேந்திரன் கிளினிக் சீட்டை வைத்துக்கொண்டு ஒப்பிட்டான். ஒன்றுகூடத் தவறவில்லை.

"நான் என்ன மாத்திரை முழுங்குறேன்னு உனக்கு ஒண்ணாச்சும் தெரியுமாடா?"

அறைவாசலில் அவன் அம்மா வீரம்மா. மருமகளைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதாக அதுவரை எங்களுக்குத் தகவல் இல்லை. அப்பேர்ப்பட்டவர் ரமணியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். "உன்னை என்னென்ன பேசியிருக்கேன்... மன்னிச்சிடு தாயி!"

"ரமணி... ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்..." என்றான் யுகேந்திரன்.

"போகச் சொன்னீங்க. போறேன்."

"நில்லும்மா, நானும் வரேன்!" என்றார் வீரம்மா. "இவங்க ரெண்டு பேரையும் நம்பி இங்க இருந்தா, நான் போய்ச் சேர வேண்டியதுதான்."

தனலெட்சுமி அந்த வருஷமே கல்யாணமாகி செமினிக்குப் போய்விட்டாள். மாமியாரும் மருமகளும் சுங்கை வேயில்தான் இருக்கிறார்கள். யுகேந்திரன் ஞாயிறு தவறாமல் போகிறான். சாப்பாடு போடுகிறார்களாம். ராத்திரி தங்கிவிட்டுப் போ என்று மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லையாம்.